கருவறை முதல் கல்லறை வரை 8 வாரத்தில்: வாழ்நாள் வளர்ச்சிப் பாடத்தை ஆன்லைனில் படிப்பது எப்படி

டெக்சாஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் போன கோடையில் 'லைஃப்ஸ்பான் குரோத் அண்ட் டெவலப்மென்ட்' பாடத்தை முழுக்க ஆன்லைனில் படித்து முடித்தேன். நர்சிங்குக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய பாடங்களில் இதுவும் ஒன்று. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் இதற்குப் பொது எண் பிஎஸ்ஒய்சி 2314, ஃப்ளோரிடாவில் டிஇபி 2004, மற்ற மாநிலங்களில் வேறு எண் இருக்கும், உள்ளே இருக்கும் விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு அடுத்து இதை எடுக்கப்போகும் மூன்று தோழிகள் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டார்கள். எட்டு வாரத்தில் எப்படி முடித்தாய், எதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும், இங்கிலீஷில் இவ்வளவு எழுத முடியுமா. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும். இந்தப் பாடம் நம் வீட்டு மனிதர்களைப் பற்றியது. வயிற்றில் இருக்கும் பிள்ளை, தவழும் பிள்ளை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் பதின்வயதுப் பிள்ளை, நாம், நம் அப்பா அம்மா, தாத்தா பாட்டி. ஒவ்வொரு கோட்பாட்டையும் தெரிந்த ஒரு ஆளோடு சேர்த்து வைத்துப் படித்தால் மறக்கவே மறக்காது. ஆனால் அதே ஆளை ஆதாரமாகக் காட்டி எழுதினால் மார்க் போய்விடும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் முதல் வாரத்தில் நான் அடி வாங்கினேன், அதைக் கீழே சொல்கிறேன்.

சேர்வதற்கு முன்னால் மணிக்கணக்குப் பாருங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு, இரண்டு மணி நேரம் வீட்டில் படிப்பு என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் 3 கிரெடிட் பாடத்துக்கு வாரம் 9 மணி. இது 16 வாரத்துக்கு. அதே பாடத்தை 8 வாரக் கோடை வகுப்பாக எடுத்தால் பாடம் குறையாது, வாரம் 18 மணி ஆகிவிடும். 'ஆன்லைன்தானே, நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம்' என்று நினைத்துச் சேர்ந்தவர்கள்தான் மூன்றாவது வாரத்தில் காணாமல் போகிறார்கள். நான் வார நாட்களில் காலை நாலரையிலிருந்து ஆறரை வரை, சனிக்கிழமை நூலகத்தில் 5 மணி நேரம், ஞாயிறு 3 மணி நேரம் என்று பிரித்துக்கொண்டேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, வேலைக்கும் போகிறீர்கள் என்றால் 16 வார வகுப்பையே எடுங்கள். சீக்கிரம் முடிக்கிறேன் என்று சேர்ந்து 'சி'க்குக் கீழே வாங்கினால் பல நர்சிங் திட்டங்கள் அந்தப் பாடத்தை ஏற்பதில்லை, திரும்பப் பணம் கட்டித் திரும்பப் படிக்க வேண்டும்.

லாகின் செய்துவிட்டால் வகுப்புக்கு வந்ததாகக் கணக்கு என்று நினைக்காதீர்கள். ஃபெடரல் நிதியுதவி விதிகளின்படி உள்ளே நுழைவது மட்டும் வருகை ஆகாது, ஒரு குவிஸ் எழுத வேண்டும், ஒரு அசைன்மென்ட் கொடுக்க வேண்டும், பாடம் பற்றிய விவாதத்தில் பதில் போட வேண்டும். அதனால் வகுப்பு திறந்த முதல் நாளே சின்னதாக எதையாவது சமர்ப்பித்துவிடுங்கள். பெரும்பாலும் 'உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்' என்ற ஒரு பதிவு இருக்கும், அது போதும்.

கோடையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஞாயிறு இரவு 11:59 என்றால் அது கல்லூரி இருக்கும் இடத்து நேரம். டெக்சாஸ் கோடை நேரத்துக்கு அது இந்தியாவில் திங்கள் காலை 10:29. திங்கள் காலை வரை நேரம் இருக்கிறது என்று சந்தோஷப்படலாம், ஆனால் கேமரா வைத்து எழுதும் தேர்வு மென்பொருள் ஊரில் உள்ள இணையத்தில் ஒழுங்காக ஓடுமா என்பதை டிக்கெட் போடுவதற்கு முன்பே ப்ரொபசரிடம் கேட்டுவிடுங்கள்.

புத்தகமும் ஒரு பெரிய தாளும்

வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதே படிக்க ஆரம்பிக்கலாம். ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் தளத்தில் பொது உளவியல் பாடநூல் இலவசமாகக் கிடைக்கிறது, அதன் 9ஆம் அத்தியாயம் முழுக்க வாழ்நாள் வளர்ச்சிதான். இரண்டு மாலையில் வாசித்துவிடலாம். முழுப் பாடத்தின் எலும்புக்கூடு அதில் இருக்கிறது, அப்புறம் கல்லூரிப் புத்தகத்தில் சதையும் தோலும் சேர்ப்பது சுலபம். தமிழ்நாட்டிலிருந்து இக்னோவில் எம்.ஏ. உளவியல் படிப்பவர்களுக்கு முதல் ஆண்டில் வரும் எம்பிசி 002 பாடமும் கிட்டத்தட்ட இதேதான், அதன் பாடப்பகுதிகள் இ-ஞானகோஷ் தளத்தில் இருக்கின்றன. என் கல்லூரிப் புத்தகத்தில் புரியாத ஒன்றிரண்டு இடங்களுக்கு அதையும் திறந்து பார்த்தேன்.

அடுத்து ஒரு பெரிய சார்ட் தாள் வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். மேலிருந்து கீழாக வயது: கரு, கைக்குழந்தை, பள்ளிக்கு முந்தைய வயது, பள்ளி வயது, பதின்வயது, இளமை, நடுவயது, முதுமை, இறப்பு. இடமிருந்து வலமாக மூன்று கட்டம்: உடல், அறிவு, சமூகமும் உணர்வும். எல்லாப் பாடநூலும் இந்த மூன்றாகப் பிரித்துத்தான் எழுதியிருக்கும். ஒவ்வொரு வாரமும் வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து அந்தக் கட்டங்களை நிரப்புங்கள், நிரப்ப முடியாத கட்டம் எதுவோ அதை மட்டும் திரும்ப வாசியுங்கள். பார்த்து எழுதினால் பயன் இல்லை. என் தாளில் நடுவயது வரிசை கடைசி வரை வெறுமையாகவே கிடந்தது, அந்த அத்தியாயத்தை மேலோட்டமாகத் தாண்டியிருக்கிறேன் என்பது அதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

முதல் டிஸ்கஷன் பதிவில் நான் செய்த தவறு

ஆன்லைன் வகுப்பில் டிஸ்கஷன் பதிவுக்கு நல்ல மார்க் உண்டு. பெரும்பாலும் புதன்கிழமைக்குள் நம் பதிவு, ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு பேருக்குப் பதில். முதல் வாரக் கேள்வி: பரம்பரையா வளர்ப்பா, எது ஒருவரை அதிகம் தீர்மானிக்கிறது? என் மகனைப் பற்றி உருக்கமாக 400 வார்த்தை எழுதினேன். பிறந்த நாளிலிருந்தே அவனுக்குப் பிடிவாதம், அவன் தாத்தாவைப் போலவே, ஆகவே பரம்பரைதான். 20க்கு 11 வந்தது. ப்ரொபசர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்: "உங்கள் மகனைப் பற்றித் தெரிந்துகொண்டேன், பாடத்தைப் பற்றி நீங்கள் என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று தெரியவில்லை."

அவர் சொன்னது சரி. தாத்தா அதே வீட்டில் இருந்தார், அவனைத் தூக்கி வளர்த்ததே அவர்தான். பிடிவாதம் ரத்தத்தில் வந்ததா, தாத்தாவைப் பார்த்து வந்ததா என்பதை என் ஒரு வீட்டை வைத்துப் பிரிக்கவே முடியாது. அதைப் பிரிப்பதற்காகத்தான் இரட்டையர் ஆய்வு, தத்துப்பிள்ளை ஆய்வு என்று ஆட்கள் பல வருடம் உழைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். முதலில் புத்தகத்திலிருந்து கருத்தை என் வார்த்தையில் இரண்டு மூன்று வாக்கியம், யார் எந்த வருடம் சொன்னது என்ற குறிப்போடு. அடுத்து அந்தக் கருத்துக்கு ஆதாரமான ஒரு ஆய்வு, அதை எப்படிச் செய்தார்கள் என்பதோடு. அதற்குப் பிறகுதான் என் வீட்டு உதாரணம், அதுவும் நான்கு வரி. கடைசியில் என் உதாரணம் எந்த இடத்தில் அந்தக் கருத்துக்குப் பொருந்தவில்லை என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரிதான் மார்க் வாங்கித் தந்தது. மற்றவர்களுக்குப் பதில் எழுதும்போதும் 'நன்றாக எழுதியிருக்கிறீர்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன்' என்று போட்டால் ஒன்றும் கிடைக்காது. அவர்கள் விட்டுவிட்ட ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும், அல்லது பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

சாட்ஜிபிடியிடம் எழுதச் சொல்லி ஒட்டாதீர்கள். உலகத்திலேயே இல்லாத ஆய்வுக் கட்டுரையை வருடம், பக்க எண்ணோடு அது எழுதிக் கொடுத்துவிடும், ப்ரொபசர் தேடிப் பார்த்தால் அன்றோடு முடிந்தது. ஏபிஏ முறையில் (கருத்தை எங்கிருந்து எடுத்தோம் என்று காட்டும் முறை) குறிப்பு எழுதுவது முதல் இரண்டு முறை எரிச்சலாக இருக்கும், அப்புறம் கை பழகிவிடும்.

கோட்பாடுகளை வீட்டுக்குள் கொண்டு வருவது

இங்கிலீஷில் வாசித்ததைத் தமிழில் யாருக்காவது சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நான் அம்மாவுக்குப் போன் செய்து சொல்வேன். தமிழில் சொல்லத் தடுமாறினால் புரியவில்லை என்று அர்த்தம். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை நான்கு நிலையாகப் பிரித்த உளவியலாளர் பியாஜே. அவருடைய 'அசிமிலேஷன்', 'அகாமடேஷன்' இரண்டையும் நான்கு தடவை வாசித்தும் குழப்பம்தான். அம்மாவிடம் சொல்லும்போது இப்படி வந்தது: நாய்க்குட்டியைத் தெரிந்த பிள்ளை முதல் முறை கன்றுக்குட்டியைப் பார்த்துவிட்டு அதையும் 'நாய்க்குட்டி' என்கிறது, தெரிந்த பெட்டிக்குள்ளேயே புதியதையும் போட்டுவிட்டது, அது அசிமிலேஷன். இது குரைக்கவில்லை, பெரிதாக இருக்கிறது, 'மா' என்கிறது என்று கண்டுபிடித்து அதற்குப் புதுப் பெட்டி செய்கிறதே, அது அகாமடேஷன். அதற்குப் பிறகு மறக்கவில்லை.

பியாஜேயின் நான்கு நிலைகளுக்கான வயது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: பிறப்பு முதல் 2, 2 முதல் 7, 7 முதல் 11, அதற்கு மேல். ஆனால் தேர்வில் 'இரண்டாம் நிலையின் பெயர் என்ன' என்று நேரடியாகக் கேட்பது குறைவு. ஒரு பிள்ளை என்ன செய்தது என்று ஒரு சின்னக் கதை சொல்லி, இது எது என்று கேட்பார்கள். அதனால் செய்து பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, ஒன்றை மட்டும் ஒல்லியான உயரமான கிளாஸுக்கு மாற்றி, நான்கு வயதுப் பிள்ளையிடம் எதில் அதிகம் என்று கேளுங்கள். என் மகன் உயரமானதைத்தான் காட்டினான். ஒரே அளவு தோசை இரண்டு, ஒன்றை எட்டுத் துண்டாகப் பிய்த்துப் போட்டால் 'எனக்கு நிறைய தோசை' என்கிறான். ஏழெட்டு வயது அக்கா பக்கத்தில் இருந்தால் சிரிப்பாள், வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்று அவளுக்குத் தெரியும், அந்தச் சிரிப்பில்தான் மூன்றாம் நிலை இருக்கிறது.

பியாஜே தன் சொந்தப் பிள்ளைகள் மூன்று பேரைக் கூர்ந்து பார்த்துத்தான் பச்சைக் குழந்தைகளைப் பற்றி நிறைய எழுதினார். நான் முதல் வாரத்தில் வாங்கிய அதே விமர்சனத்தை அவரும் வாங்கியிருக்கிறார்: மூன்று பிள்ளைகளை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்ல முடியுமா? கண்ணுக்கு மறைந்த பொருள் இன்னும் இருக்கிறது என்பது குழந்தைக்கு எட்டு மாத வாக்கில்தான் தெரிய ஆரம்பிக்கிறது என்றார் பியாஜே. 1985இல் ரெனே பையார்ஜோனும் கூட இருந்தவர்களும் 5 மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பலகை பின்பக்கமாகச் சாய்கிறது, அதன் பின்னால் ஒரு பெட்டி இருக்கிறது, பெட்டி தடுக்க வேண்டிய இடத்தில் தடுக்காமல் பலகை முழுதாகச் சாய்ந்துவிட்டால் குழந்தைகள் அதை அதிக நேரம் உற்றுப் பார்த்தார்கள். கையை நீட்டி எடுக்கத் தெரியாத பிள்ளைக்கும் கண்ணால் பதில் சொல்லத் தெரிகிறது. ஒவ்வொரு பெரிய பெயருக்கும் பக்கத்தில் அவரை மறுத்தவர் பெயர் ஒன்றையும் எழுதி வைத்தால் கட்டுரைக் கேள்வி பாதி முடிந்துவிடும்.

பெரியவர்கள் கைகொடுக்கும்போதுதான் பிள்ளை அடுத்த படிக்குப் போகிறது என்றவர் உளவியலாளர் வைகாட்ஸ்கி, அவருக்கு நம் வீட்டில் உதாரணம் தேட வேண்டியதே இல்லை. விஜயதசமிக்குத் தட்டில் அரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோம். தனியாக எழுத முடியாது, பிடித்தால் முடியும், அந்த இடைவெளிதான் அவர் சொன்ன வளர்ச்சி வட்டம். நாளாக ஆகப் பிடியைத் தளர்த்துகிறோம், இதைத்தான் 'ஸ்கஃபோல்டிங்' என்கிறார்கள், கட்டடம் கட்டும்போது போட்டுவிட்டு முடிந்ததும் அவிழ்க்கிற சாரம் மாதிரி. ஒரு பொறி இருக்கிறது, கவனம். அந்தச் சொல் வைகாட்ஸ்கி சொன்னது இல்லை. அவர் 1934இலேயே 37 வயதில் இறந்துவிட்டார், சொல் 1976இல் உட், ப்ரூனர், ராஸ் மூவரும் எழுதியது.

உடல் வளர்ச்சிக்கு எனக்குக் கைகொடுத்தது பிள்ளைத்தமிழ். தலையிலிருந்து கால் நோக்கி வளர்ச்சி நடக்கிறது என்பதற்கு இங்கிலீஷில் வாயில் நுழையாத ஒரு பெயர், 'செஃபலோகாடல்'. செங்கீரையில் பிள்ளை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிறது, சப்பாணியில் கை கொட்டுகிறது, வருகையில் நடந்து வா என்று கூப்பிடுகிறோம். தலை, கை, கால். பருவங்களை வகுத்தவர்கள் பிள்ளைகளை நன்றாகப் பார்த்தவர்கள் என்று அன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

வயதா, காலமா

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஆழமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் ஆய்வு முறைகளைப் படியுங்கள். முதல் வாரத்தில் சலிப்பாக வரும், எல்லாரும் தாண்டிவிடுவார்கள், ஆனால் முதுமை அத்தியாயம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

ஒரே நாளில் 25 வயதுக்காரர்களையும் 70 வயதுக்காரர்களையும் சோதித்து ஒப்பிடுவது 'க்ராஸ்-செக்ஷனல்'. அதே ஆட்களை வருடக்கணக்கில் பின்தொடர்வது 'லாஞ்சிட்யூடினல்'. என் பாட்டி ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தார். நான் இன்ஜினியரிங் முடித்தவள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, பாட்டி குறைவாக வாங்கியதும் 'வயதானால் அறிவு மங்கும்' என்று எழுதினால் அது பாட்டிக்குச் செய்கிற அநியாயம். மங்கியது வயதால் இல்லை, அவர் காலத்தில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் அவ்வளவுதான் கிடைத்தது. இதைத்தான் 'கோஹார்ட்' விளைவு என்கிறார்கள். வார்னர் ஷாயே 1956இல் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வு இரண்டு முறையையும் சேர்த்துச் செய்தது: ஏழு வருடத்துக்கு ஒரு முறை பழைய ஆட்களையும் சோதித்தார்கள், புது ஆட்களையும் சேர்த்தார்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தபோது சீக்கிரமே இறங்குகிற மாதிரி தெரிந்த பல திறன்கள், அதே ஆட்களைப் பின்தொடர்ந்தபோது அறுபது வயது வரைக்கும் பெரிதாக இறங்கவில்லை. எந்த அத்தியாயத்தில் 'இந்த வயதில் இப்படி ஆகிறது' என்று வந்தாலும் இவர்கள் இதை எந்த முறையில் கண்டுபிடித்தார்கள் என்று ஓரத்தில் ஒரு எழுத்து போடுங்கள், க்ரா அல்லது லா.

பற்றும் அடையாளமும்

அம்மாவிடம் குழந்தைக்கு உள்ள பற்றைப் பார்க்கும் மேரி ஐன்ஸ்வொர்த்தின் 'ஸ்ட்ரேஞ்ச் சிச்சுவேஷன்' சோதனை தேர்வில் வராமல் இருக்காது. ஒரு வயது வாக்கில் உள்ள குழந்தை, புது அறை, அம்மா கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டுத் திரும்பி வருகிறார். எல்லாரும் செய்கிற தவறு, அழாத பிள்ளைதான் பாதுகாப்பான பற்று உள்ள பிள்ளை என்று எழுதுவது. பார்க்க வேண்டியது அம்மா திரும்பி வரும் கணத்தை. ஓடி வந்து ஒட்டிக்கொண்டு சமாதானமாகித் திரும்ப விளையாடப் போனால் பாதுகாப்பான பற்று. வந்ததையே கண்டுகொள்ளாவிட்டால் விலகிய பற்று, ஒட்டவும் செய்து உதைக்கவும் செய்தால் தடுமாறும் பற்று. மூன்றிலும் சேராத நான்காவது வகையை மெய்னும் சாலமனும் பிறகு சேர்த்தார்கள். ஐன்ஸ்வொர்த் இதற்கெல்லாம் முன்பே உகாண்டாவில் தாய்மாரையும் பிள்ளைகளையும் அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்த்தவர் என்பதை எழுதினால் ப்ரொபசருக்குப் பிடிக்கும், எனக்கும் அது பிடித்திருந்தது. அம்மாவை விட்டுப் பிரிந்தே பழகாத ஜப்பானியக் குழந்தைகள் இந்தச் சோதனையில் அதிகமாகக் கலங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள், அத்தையும் பாட்டியும் மாறி மாறித் தூக்கும் வீடுகளைப் பற்றி யோசிக்கும்போது உதவும்.

'நான் யார், என்ன ஆகப்போகிறேன்' என்ற தேடலைப் பற்றிய ஜேம்ஸ் மார்சியாவின் நான்கு அடையாள நிலைகளைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தேடிப் பார்க்காமலே ஒரு முடிவில் நின்றுவிடுவதை 'ஃபோர்க்ளோஷர்' என்கிறார். அப்பா சொன்னார், மார்க் இருந்தது, இன்ஜினியரிங் சேர்ந்தேன். என்னோடு படித்த அத்தனை பேரும் நினைவுக்கு வந்தார்கள். முடிவெடுக்காமல் தேடிக்கொண்டிருப்பது 'மொராட்டோரியம்', 36 வயதில் நர்சிங்குக்குப் படிக்கிற நான் இப்போது அங்கே இருக்கிறேன். ஆனால் கட்டுரையில் இதை அப்படியே தீர்ப்பாக எழுதவில்லை. குடும்பமாகச் சேர்ந்து முடிவெடுக்கும் இடங்களில் ஃபோர்க்ளோஷரைக் குறையாகப் பார்ப்பது சரியா என்ற கேள்வியாக எழுதினேன், நல்ல மார்க் வந்தது.

பெரியவர் ஒருவரைப் பேட்டி எடுக்கும் அசைன்மென்ட்

பல வகுப்புகளில் 65 வயதுக்கு மேற்பட்ட ஒருவரைப் பேட்டி எடுத்து உளவியலாளர் எரிக்சன் வாழ்நாளைப் பிரித்த எட்டு நிலைகளில் கடைசியான முதுமை நிலையோடு பொருத்தி எழுதச் சொல்வார்கள். நான் திருமங்கலத்தில் இருக்கும் என் மாமனாரை வீடியோ காலில் எடுத்தேன். பேச்சைப் பதிவு செய்யலாமா என்று முதலில் கேளுங்கள், பெயரை எழுதாதீர்கள். சின்னப் பிள்ளையைக் கவனித்து எழுதும் அசைன்மென்டுக்கும் இதேதான், பிள்ளையின் பெற்றோர் சம்மதம் கட்டாயம், படம் எடுக்கக் கூடாது.

கல்லூரி கொடுத்த கேள்விகளை அப்படியே தமிழாக்கிக் கேட்டேன். "மாமா, உங்க வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தா திருப்தியா இருக்கா?" "நல்லாத்தான்மா இருக்கேன்." முடிந்தது. மருமகளிடம் வேறு என்ன சொல்வார்? மறுநாள் வேறு மாதிரி ஆரம்பித்தேன். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், எந்த வேலை கிடைக்காமல் போனது, எந்த வயதில் சைக்கிள் ஓட்டுவதை நிறுத்தினீர்கள். முக்கால் மணி நேரம் பேசினார். கைநழுவிப்போன ஒரு ரயில்வே வேலையைப் பற்றி நான் கேட்காமலே இரண்டு முறை வந்தார், இரண்டாவது முறை "அதுவும் நல்லதுக்குத்தான்னு இப்ப தோணுது" என்றார். எரிக்சன் சொல்கிற நிறைவும் ஏமாற்றமும் ஒரே வாக்கியத்தில் அங்கே இருந்தன. இங்கிலீஷில் எழுதும்போது மொழிபெயர்ப்பு என்னுடையது என்று குறிப்பிட்டேன். 'கடமை', 'விதி' போன்ற சொற்களை ஒரே வார்த்தையில் மாற்றாமல் ஒரு வரி விளக்கம் கொடுங்கள், அதில்தான் பண்பாட்டுச் சூழல் பற்றிய மார்க் இருக்கிறது.

சைக்கிள் கேள்வி சும்மா கேட்டது இல்லை. உளவியலாளர் பால் பால்டஸ் முதுமையில் வளர்ச்சியும் இழப்பும் சேர்ந்தே நடக்கின்றன என்றார், அதற்குப் பியானோக் கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைனை உதாரணம் காட்டுவார். எண்பது வயதில் அவர் குறைந்த உருப்படிகளையே வாசித்தார், அவற்றை அதிகமாகப் பயிற்சி செய்தார், வேகமான இடம் வருவதற்கு முன்னால் கொஞ்சம் மெதுவாக வாசித்து அடுத்த இடத்தை வேகமாகக் காட்டினார். மாமா சைக்கிளை விட்டுவிட்டு, காய்கறிக்கடையைக் காலை வெயில் ஏறுவதற்குள் நடந்து போய்வரும் தூரத்துக்கு மாற்றிக்கொண்டதும் அதே கணக்கில் வரும். நம் பழைய நூல்கள் பெண்ணுக்குப் பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் சொல்லி 40 வயதோடு நிறுத்திவிடுகின்றன, பால்டஸின் பாடம் அதற்கு மேலேயும் போகிறது.

தேர்வும் கடைசி வாரமும்

தேர்வுக்குக் கேமரா போட்டு, அறையைச் சுற்றிக் காட்டி, வேறு எதுவும் திறக்க முடியாத பிரவுசரில் எழுத வேண்டியிருக்கலாம். நடுத்தேர்வில் என் மகன் கதவைத் திறந்து தண்ணீர் கேட்டான், நான் தமிழில் "அப்பாகிட்ட கேளு" என்றேன், மென்பொருள் அதைச் சந்தேகம் என்று குறித்து அனுப்பிவிட்டது. ப்ரொபசருக்கு உடனே மெயில் எழுதி என்ன பேசினேன் என்று விளக்கியதால் சரியானது. அதற்குப் பிறகு நூலகத்தில் தனி அறை முன்பதிவு செய்து எழுதினேன்.

கடைசி அத்தியாயம் இறப்பு. என் அப்பா இறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, ஏழாவது வாரம் வரை ஓடிக்கொண்டிருந்தவள் அந்த வாரம் புத்தகத்தைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால், சிலபஸைப் பார்த்து அந்த வாரம் எப்போது வருகிறது என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அதன் வாசிப்பை முந்தைய வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முடித்துவிடுங்கள், டிஸ்கஷனில் சொந்த இழப்பைப் பற்றி எழுதச் சொன்னால் வேறு கேள்வி தர முடியுமா என்று ப்ரொபசருக்கு முன்கூட்டியே எழுதுங்கள். நான் கேட்டேன், தந்தார்.

அந்த அத்தியாயத்தில் எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்வது எலிசபெத் குப்ளர்-ராஸின் ஐந்து நிலைகள். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. 1969இல் அவர் எழுதியது சாகக் கிடந்த நோயாளிகளிடம் பேசிவிட்டு, அவர்களைப் பற்றி. பிரிந்தவரை நினைத்து அழுபவர்கள் இந்த வரிசைப்படிதான் போக வேண்டும் என்று அர்த்தம் இல்லை, எல்லா நிலையும் எல்லாருக்கும் வரும் என்பதும் இல்லை. அப்பா போன பிறகு எனக்குக் கோபமே வரவில்லையே, ஏதோ சரியாக நடக்கவில்லையோ என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அந்தப் பத்தியை வாசித்த அன்றைக்கு சார்ட் தாளில் கடைசிக் கட்டத்தை நிரப்பிவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன், அன்று பாடம் சொல்லவில்லை, அப்பாவைப் பற்றித்தான் பேசினோம்.